புதன்கிழமைக் கோளாறு

"புது கார்டே போட்டுருங்கய்யா. இதை இனிமே ரிப்பேர் பண்றது வீணுங்க" என்றாள் ஜெயகுமாரி.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சிங்கராயர் பதறிப்போனார்.

"ஐயோ, புதுசெல்லாம் வேண்டாம் கண்ணு. எப்பவும் போல சேலத்துக்கே எடுத்துட்டு வர்றேன். நீ ரிப்பேரே பண்ணிக் குடு."

சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஜெயகுமாரிதான் மெக்கானிக். மலைமேல் கரடியூர்ப் பக்கம் இருந்த இந்தக் காப்பி எஸ்டேட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அதற்கு ஒரு விசித்திர வியாதி. செவ்வாய்க்கிழமை வரை நன்றாக ஓடும். புதன்கிழமை காலையில் திரை இருட்டிவிடும்.

உடனே சிங்கராயர் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு வருவார். திறந்து பார்த்தால், திரைக்குப் படம் அனுப்புகிற டிஸ்ப்ளே கார்டு இடத்தை விட்டு எழும்பி நிற்கும். அழுத்தி, ஸ்க்ரூவை முறுக்கி அனுப்புவாள். அடுத்த புதன்கிழமை மறுபடியும் வந்து நிற்பார். எட்டு வாரமாக இதே கூத்து.

பொறுக்க முடியாமல் இந்தப் புதன்கிழமை முதல் பஸ் பிடித்து அவளே மலையேறி வந்துவிட்டாள், பையில் புது கார்டோடு.

"ஏனுங்கய்யா, இதை ரிப்பேர் பண்ணினது யாருங்க?"

"நீதானே கண்ணு, வாரா வாரம்!"

"அந்த ரிப்பேர் இல்லீங்க. கெடுத்தது யாருன்னு கேக்கறேன். போன வாரம் ஸ்க்ரூ தலையில நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வச்சு அனுப்புனேன். பாருங்க, உடைஞ்சிருக்குது. கார்டு மேல ஸ்க்ரூடிரைவர் வழுக்கின கீறல் வேற. யாரோ கழட்டிக் கழட்டியே இதைச் சாகடிச்சிருக்காங்க."

சிங்கராயர் அவசரமாகப் பின்பக்க ஜன்னலைப் பார்த்தார்.

ஜெயகுமாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாரம் ஒரு நாள் ஓசி ஜீப்பில் சேலம். மத்தியானம் பிரியாணி, அப்புறம் மேட்னி. வெள்ளைச் சட்டையும் கழுத்தில் ஜெபமாலையுமாக, ஆளைப் பார்த்தால் பரம சாது!

"முதலாளி வரட்டுங்க. நான் சொல்லிடறேன்."

"சொல்லிடாத கண்ணு! மாதா சத்தியமா நான் கழட்டலை."

அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. பின்பக்க ஜன்னல் வழியாகக் கை காட்டினார். ஆபீசுக்குப் பின்னால் ஜீப் நின்றிருந்தது. பின் சீட்டில், தலையில் துண்டு சுற்றிக்கொண்டு ஒரு பெண் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"மாதம்மாள். யூனியன் தலைவர் ஐயாக்கண்ணோட சம்சாரம். புதன்கிழமையானா சேலத்து ஆஸ்பத்திரியில கேன்சருக்கு ஊசி போடணும். பஸ்ஸுல போனா, இருபது வளைவு இறங்கறதுக்குள்ள மயங்கி விழுந்துருது."

"முதலாளிகிட்ட ஜீப்பு கேக்கறதுதானுங்களே?"

"எங்க கேக்கறது? ஸ்டிரைக் சமயத்துல, 'செத்தாலும் உன் ஜீப்புல எங்க ஊட்டாளுங்க ஏறமாட்டாங்க'னு ஐயாக்கண்ணு கத்திட்டான். 'ஏறுனா இறக்கி உட்டுருவேன்'னு முதலாளியும் கத்திட்டாரு. ஊரே கேட்டுச்சு."

"அப்புறம் எப்படி ஏறுனாங்க?"

"வளைவுல பெட்டி ஆடாமப் புடிச்சுக்க ஒரு ஆள் வேணும்னு ஐயாக்கண்ணுகிட்ட போய்க் கெஞ்சுனேன். 'உங்களுக்கு ஒத்தாசைன்னா அனுப்பறேன்'னு பெரிய மனசு பண்ணி அனுப்பி வச்சான்" என்ற சிங்கராயர் குரலைத் தாழ்த்தினார். "முதலாளிக்கு இது தெரியாது. இன்னும் நாலு ஊசி இருக்குது கண்ணு. கம்ப்யூட்டர் நல்லாயிருச்சுன்னா ஜீப்பு கீழ இறங்காது."

"நீங்க கழட்டலைன்னா, புதன்கிழமை மட்டும் எப்படீங்க இருட்டுது?"

"மாதாவோட அற்புதம்னு நெனச்சு, வாரா வாரம் மெழுகுவத்தி ஏத்திட்டிருக்கேன்!"

ஜெயகுமாரிக்குத் தன் பிரியாணிக் கணக்கை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனுஷன் அந்தப் பெண்ணுக்காகத்தான் கழட்டுகிறார், சத்தியம்தான் பொய் என்று முடிவு கட்டினாள்.

வாசலில் செருப்புச் சத்தம். முதலாளி உள்ளே வந்தார். முகத்தில் கடுகடுப்பு, வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி.

"என்ன சிங்கராயரே, மணி எட்டாச்சு. இன்னும் கிளம்பலையா? கேட்டுல அந்த ஐயாக்கண்ணு என்னைப் பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கறான். நொம்பத் திமிரு! சரி, கம்ப்யூட்டருக்கு என்னவாம்?"

சிங்கராயர் ஜெயகுமாரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நாலு ஊசியும் இருந்தன.

ஜெயகுமாரி புது கார்டைப் பைக்குள் தள்ளினாள்.

"கார்டு ரிப்பேருங்க. இங்க சரி பண்ண முடியாது. சேலத்துக்குத்தான் கொண்டு போகணும்."

"அப்ப எடுத்துட்டுப் போங்க. எதுக்கு நின்னுட்டு?"

சிங்கராயர் மாதாவுக்கு அவசரமாக ஒரு சிலுவை போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஜெயகுமாரியும் கிளம்பினாள். "ஏ கண்ணு, நில்லு" என்றார் முதலாளி.

அவர் பின்பக்க ஜன்னல் வழியாக ஜீப்பை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து கேட்டார்:

"அந்தக் கார்டு இன்னும் நாலு வாரம் தாங்குமா?"

"தா... தாங்காதுங்க."

"அப்ப புதுசையே போட்டு அனுப்பு. ஆனா இந்தத் தடவை ஸ்க்ரூ மேல நெயில் பாலிஷ் எல்லாம் வைக்காத சாமி. நேத்து கழட்டறதுக்குள்ள என் நகமே பேந்துருச்சு!"