துரைப்பாண்டி சாரின் பாராட்டு

பயிற்சியாளர் கை ஓங்கினாலும் சரி, குரலை உயர்த்தினாலும் சரி, எஸ்தரின் மணிக்கட்டில் உள்ள காப்புப்பட்டை சிவந்து அலறும். காவல் வண்டி வந்துவிடும். அதனால் துரைப்பாண்டி சார் திட்டுவதே இல்லை. அவள் நன்றாக ஓடினால் பேசாமல் போவார். சொதப்பினால் மட்டும், வாசலில் நிற்கும் அப்பாவுக்குக் கேட்கும்படி பாராட்டுவார். மீதியை வீட்டில் அப்பா பார்த்துக்கொள்வார்.

இன்று கடைசித் தடையில் எஸ்தரின் கால் இடறிவிட்டது.

“பிரமாதம்டா கண்ணு!”

வாசலில் அப்பா பெல்ட்டைத் தடவிக்கொண்டார்.

எஸ்தர் சாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சார், இன்னிக்கு நீங்களே அடிச்சிருங்க சார்.”

“உன்னப் போயி அடிப்பேனா தாயி?”

பச்சையாகவே எரிந்துகொண்டிருந்த பட்டையை, வழக்கம்போல் மைதானத்தில் வைத்துவிட்டுப் போவதற்காக, அவரே பதமாகக் கழற்றினார்.

“அப்பா காத்திருக்காருல்ல, கெளம்பு.”