பச்சைப் புள்ளி

"மறுபடியும் அவன்தான்!"

பல்லைக் கடித்தாள் மார்லிஸ். ஒரு கையால் கணவனின் தோளைத் தாங்கியபடி, இன்னொரு கையால் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டின் பொத்தானைத் தடவினாள். கூட வேலை பார்க்கும் ஓரின், காலையிலிருந்து ஐந்தாவது தடவை.

வாக்கரைப் பிடித்து நின்ற டுவெயின் வலியிலும் சிரித்தான். "எடுத்துப் பேசு மார்லி. உன் ஆளு தவிச்சுப் போயிடப் போறான்."

"நீ வேற. கீழே பார்த்து நட."

பொத்தானை அழுத்தினாள். "சொல்லுங்க ஓரின்."

"மார்லிஸ், அந்த ஆலங்கட்டி மழை இன்ஷூரன்ஸ் கேஸ் ஃபைலை எங்கேயோ வெச்சுட்டேன். தேடறேன், லைன்லயே இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"தோ, இப்பக் கிடைச்சிடும். வெச்சிடாதீங்க."

அவ்வளவுதான். அதன்பிறகு பேச்சே இல்லை. டுவெயினைக் கழிவறைக்குக் கூட்டிப்போய்த் திரும்ப அழைத்து வந்து, படுக்கவைத்து, விரிப்பை மாற்றி, மாத்திரை கொடுத்து முடித்தாள். பதினெட்டு நிமிடம். அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்து தட்டச்சு செய்யத் தொடங்கியதும் காதில் குரல் கேட்டது.

"கிடைச்சிடுச்சு. தேங்க்ஸ்!"

வைத்துவிட்டான்.

கூரையில் சேர்ந்த பனியைத் தள்ளப்போய் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவன் டுவெயின். கீழ்த்தளத்தில் தனியறையில் இருந்த தன் ஆபீசை அவன் கட்டில் கிடக்கும் சாப்பாட்டு அறைக்கே மார்லிஸ் கொண்டுவந்துவிட்டாள். முதுகு வலிக்காத நாற்காலி, கண் கூசாத இடத்தில் மேசை, அவனுடைய மீன்பிடிப் பெட்டியின் மேல் ஏற்றிவைத்த திரை. எல்லாம் கச்சிதம். அங்கே தொடர்ந்து பத்து நிமிடம் உட்காரத்தான் அவளுக்கு வாய்க்கவில்லை.

பத்து நிமிடம்தான் கெடுவும். அழைப்பில் இல்லாத நேரத்தில் விசைப்பலகையைத் தொடாமல் இருந்தால், ஐந்தாம் நிமிடம் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகும். குழுவில் எல்லோருக்கும் தெரியும். பத்தாம் நிமிடம் 'வேலையில் இல்லை' என்று தானாகப் பதிவாகிவிடும். இந்த வெள்ளிக்கிழமை குழுவில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அவள் வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும். டுவெயினுக்கு இரண்டாவது ஆபரேஷன் அடுத்த மாதம்.

"அவனுக்கு வேலை ஓடலை. தன் புள்ளி பச்சையா இருக்கணும்னு உன்னைப் புடிச்சு வெச்சுக்கறான்" என்றான் டுவெயின்.

அவளும் அதையேதான் நினைத்திருந்தாள். "மூணு வாரமா இதே கூத்து. டுவெயினுக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பானா அந்த மனுஷன்?"

"பாஸ்கிட்ட சொல்லிடு."

"பாவம், அவனும் குடும்பஸ்தன்."

"நாம மட்டும் என்ன, சாமியாரா?"

மார்லிஸ் அவன் இடுப்பில் சுற்றியிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலாளர் பிரிட்ஜெட்டை அழைத்தாள்.

"ஒருத்தரைப் பத்திக் குறை சொல்றது எனக்குப் பிடிக்காது..." என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"நல்லவேளை, இன்னிக்கே சொன்னீங்க" என்றாள் பிரிட்ஜெட். "யார் பேரைக் கொடுக்கறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். ஓரின்கிட்டதான் ஃபைல் ஏகத்துக்கும் தேங்கிக் கிடக்கு. உங்க புகாரும் சேர்ந்துட்டா முடிஞ்சது."

"நான்... என் பேர் பட்டியல்ல எத்தனாவது பிரிட்ஜெட்?"

"உங்க பேரா? இல்லவே இல்லையே."

"சரியாப் பார்த்தீங்களா?"

"மூணு வாரத்துல ஒரு தடவைகூட நீங்க பத்து நிமிஷத்தைத் தாண்டலை. வீட்ல உடம்பு முடியாத ஆளை வெச்சுக்கிட்டு எப்படித்தான் சமாளிக்கிறீங்களோ!"

கட்டிலிலிருந்து டுவெயின், "என்ன சொல்றா?" என்று சைகையில் கேட்டான். இரு என்று அவள் கைகாட்டினாள்.

மறுமுனையில் பிரிட்ஜெட் எதையோ தட்டிப் பார்ப்பது கேட்டது.

"ஒண்ணுதான் எனக்குப் புரியலை மார்லிஸ். ஓரின் கூப்பிட்ட நேரத்தையெல்லாம் பார்க்கறேன். ஒவ்வொரு தடவையும், நீங்க விசைப்பலகையைத் தொட்டு எட்டு நிமிஷம், ஒன்பது நிமிஷம் ஆனப்புறம்தான் கூப்பிட்டிருக்கார். நீங்க வேலை பண்ணிட்டிருந்தப்ப ஒருநாளும் கூப்பிடலையே... சரி, அது கிடக்கட்டும். புகாரை மேலே அனுப்பிடட்டுமா?"