மடிக்கணினியின் அடியில் ஒட்டிய சீட்டு

"இங்க ஒரு கையெழுத்து போடும்மா, அவ்வளவுதான்" என்று தாளை நீட்டினார் மேலாளர்.

அவருடைய மடிக்கணினி நேற்று காருக்குள்ளிருந்து திருடு போய்விட்டது. எங்கள் மருத்துவமனையின் நாலாயிரம் நோயாளிகளின் விவரம் அதில் இருந்தது. கட்டியவனிடம்கூடச் சொல்லாத நோயெல்லாம் இருந்தது.

விதி எளிமையானது. தகவலைக் குறியாக்கம் செய்து பூட்டியிருந்தால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இல்லையென்றால் நாலாயிரம் பேருக்கும் கடிதம் போக வேண்டும், தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அதன்பிறகு அவர் மேலாளர் அறையில் இருக்க முடியாது.

பூட்டியிருந்தது என்று கணினிப் பிரிவில் இருக்கும் நான் எழுதிக் கொடுத்தால் அவர் தப்பிவிடுவார்.

பூட்டியது நான்தான். அதில் பொய்யில்லை. ஆனால் கடவுச்சொல் மறந்து போகிறது என்று மனிதர் அதை மஞ்சள் சீட்டில் எழுதி, மடிக்கணினியின் அடியிலேயே ஒட்டி வைத்திருந்தார். சாவியும் சேர்ந்து போனால் பூட்டியதாகக் கணக்கில்லை என்பதும் அதே விதிதான்.

சீட்டைப் பற்றி எழுத வேண்டாமா என்று கேட்டேன். உன்னையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியும் என்று சிரித்தார். பதவி உயர்வைப் பற்றியும் ஜாடையாக ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்.

படித்துவிட்டுப் போடுகிறேன் என்று தாளோடு என் மேஜைக்கு வந்தேன்.

சீட்டைக் கிழித்துப் போடச் சொல்லிப் போன மாதமே அவருக்கு எழுதியிருந்தேன். பார்க்கலாம் என்று பதில் வந்தது. இரண்டாவது தடவை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படம் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்தப் படம், அந்தப் பதில், நடந்தது நடந்தபடி ஒரு பக்கம். மூன்றையும் நேராக ஆணையத்துக்கு அனுப்பினேன். வயிறு குளிர்ந்தது.

பொறுமை போய் அவரே என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறியே? மூணு வருஷம் முன்னாடி இந்த நாற்காலியில இருந்த பொண்ணு, சொன்ன உடனே கையெழுத்து போட்டுக் குடுத்துச்சு."

போட்டுக் கொடுத்தாள். பொய் அம்பலமானதும் இவர் கையைக் கழுவிக்கொண்டார். பழி அவள் தலையில் விழுந்தது. அதன்பிறகு எந்த மருத்துவமனையும் அவளை வாசலில்கூட நிற்க விடவில்லை.

கையெழுத்தில்லாத தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

வேலை போன அன்று அவள் வீடு திரும்பியபோது, கதவைத் திறந்து "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டவள் நான்தான்.