விழாத எலி

காலையில் அமலதாசன் ஆய்வுக்கூடத்தைத் திறந்து, எலிகளுக்குத் தண்ணீர் மாற்றி, எடை பார்த்து, ஊசியால் மதுவைச் செலுத்தி, சுழலும் உருளையின்மேல் ஒவ்வொன்றாக விட்டான். மனைவி ரெஜினா கார் விபத்தில் இறந்த பிறகும் கைகள் இந்த வேலையை மறக்கவில்லை.

எலிகள் தள்ளாடித் தொப்பென்று விழுந்தன. ஒன்று மட்டும் நிதானமாக நடந்துகொண்டே இருந்தது. மதுவைச் சிதைத்து, தள்ளாட வைக்கும் பொருளாக மாற்றும் நொதி ஒன்று மூளையில் இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலி அது.

“மாமியார் வீட்டு விருந்துக்கு இவன தைரியமா கூட்டிட்டுப் போலாம்,” என்றாள் உடன் வேலை செய்யும் பர்வீன்.

“ஊசி சரியா போகலையோ?”

“ரத்தத்த பாத்துட்டேன் தாஸ். விழுந்ததுங்களுக்கு இருக்கிற அதே அளவு இதுக்கும் இருக்கு. கால்ல தெரியல, அவ்ளோதான்.”

விபத்து நடந்த அன்று விருந்தில் அவனும் குடித்திருந்தான். அவன் தள்ளாடாமல் காருக்குப் போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். மழைதான் காரணம் என்றார் மாமனார். அவனும் நம்பினான்.

உருளையின் வேகத்தைக் கூட்டினான். விழுந்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சினான். இன்னும் கூட்டினான்.

“என்ன பண்றீங்க? பாவம், விடுங்க.”

எலி நடந்தது.

ரெஜினா கடைசியாக மழையைப் பற்றி ஏதோ சொன்னாள் என்றே எல்லோரிடமும் சொல்லியிருந்தான். உண்மையில், ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடலாமா என்று அவன் கேட்டதற்கு அவள் சிரித்தாள்.

“எதுக்குங்க? நல்லா நேராத்தானே நடந்து வந்தீங்க. நீங்களே ஓட்டுங்க, நான் கொஞ்சம் கண்ண மூடறேன்.”