மகள் ஒன்று

சிவப்புப் பேனா அந்தச் சொல்லின் மேல் நின்றது.

மகள் ஒன்று.

திணை வழு. மகள் உயர்திணை. ஒருத்தி என்றே வருதல் வேண்டும்.

அச்சகத்தில் முப்பத்தோராண்டு பிழை திருத்திய கை அது. யோசிக்கவில்லை. ‘ஒன்று’ என்பதை அடித்தது. மேலே ‘ஒருத்தி’ என்று எழுதியது. அடுத்த வரிக்கு இறங்கியது.

பித்தளை அண்டா ஒன்று.

அவள் நிமிர்ந்தாள். பக்கத்தின் தொடக்கத்துக்குச் சென்று மறுபடியும் படித்தாள்.

புகுந்த வீட்டின் குடும்ப மலர் அது. ஞாயிற்றுக்கிழமைத் திருமணத்திற்கு வருவோர் அனைவர் கையிலும் இருக்கப்போவது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அண்ணனும் தம்பியும் சொத்தைப் பிரித்துக்கொண்ட ஓலையின் வாசகம் நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. தலைப்பு மட்டும் கொழுந்தன் சபாநாயகம் வைத்தது.

பதினொரு பசுக்கள் கண்ட வீடு.

மூத்தவர் பங்கு. மயிலை ஒன்று, கன்று ஒன்று. செவலை ஒன்று, சினை. கூழைக்கொம்பு ஒன்று, கன்று இரண்டு.

வெள்ளச்சி ஒன்று, மகள் ஒன்று.

சபாநாயகம் வாசற்படியில் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். அச்சகத்துக்குப் பக்கங்களை எடுத்துச் செல்ல வந்தவர். எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“கன்னுக்குட்டியக்கூட மகள்னு எழுதியிருக்காங்க பாத்தீங்களா அண்ணி! என்ன பாசம்!”

மற்றப் பசுக்களுக்கெல்லாம் கன்று என்றே இருந்தது.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். இளையவர் பங்கின் கடைசி வரி.

வெள்ளச்சி நடவுக்கும் களைக்கும் இரு வீட்டுக்கும் பொது. இனி ஈனுவது ஒன்றுவிட்டு ஒன்று இளையவருக்கு.

மாடு நாற்று நடாது.

பேனா பழக்கத்தில் ‘ஈனுவது’ என்னும் சொல்லின் மேல் போய் நின்றது. பெறுவது என்று வருதல் வேண்டும். கை கூசியது. இழுத்துக்கொண்டாள்.

சமையலறை மூலையில் அதே அண்டா பளபளத்தது. புளி போட்டுத் தேய்த்தவள் அவள்தான். மருமகளாய் வந்த நாள்முதல் குடிநீர் அதில்தான். காலையிலும் இரண்டு குவளை குடித்திருந்தாள்.

மகளுக்கு அடுத்த வரி, அண்டா.

நாக்கின் அடியில் பித்தளை ஊறியது.

“தம்பி, இது மாடு இல்ல. பொம்பள. ஆளடிமை. கூட இருக்கறது அவ பொண்ணு.”

சாவி நின்றது.

அவர் முகத்தில் ஒரு கணம் நாணத்தைத் தேடினாள். அவர் மனத்துக்குள் கழித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப ரெண்டு குறையுது. ஒம்பதுன்னு போட்டுடுங்க அண்ணி. அந்த வரிய எடுத்துட்டாப் போச்சு. கல்யாண வீட்ல எதுக்கு இதெல்லாம்?”

கைப்பேசி ஒலித்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். பந்தல்காரரிடம் எதற்கோ சிரிப்பது கேட்டது.

ஒரு கோடு போதும். வரி போய்விடும். தாயும் மகளும் எந்த ஏட்டிலும் இல்லாதவர் ஆவர்.

அவள் தன் திருத்தத்தைப் பார்த்தாள்.

ஒருத்தி.

அழகான எழுத்து. அதைக் காணவே அருவருப்பாக இருந்தது. அந்தச் சொல்லால் வெள்ளச்சியின் மகளுக்கு ஒரு மரியாதையும் இல்லை. எழுதியவனுக்குத்தான் மரியாதை. இருநூறு ஆண்டு கழித்து அவனுக்கு வாய் கழுவிவிட்டிருந்தாள்.

‘ஒருத்தி’யை அடித்தாள்.

அடிபட்டுக் கிடந்த ‘ஒன்று’ என்னும் சொல்லின் கீழே ஒவ்வொன்றாகப் புள்ளிகள் வைத்தாள். அச்சகத்தில் அதற்குப் பொருள் ஒன்றே. அடித்தது செல்லாது, உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.

பிறகு தலைப்புக்கு ஏறினாள். அதை முழுவதும் அடித்தாள். இது ஓலையின் வாசகம் இல்லை, இங்கே எழுதுபவள் அவள். இலக்கணம் வழுவாமல் எழுதினாள்.

பசுக்கள் ஒன்பது. பெண்கள் இருவர்.

மை காயும்வரை காத்திருந்தாள். பக்கங்களை அடுக்கி உறையிலிட்டாள்.

சபாநாயகம் அவசரமாக வந்தார். உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை. அண்டாவிலிருந்து ஒரு குவளை மொண்டு, அண்ணாந்து குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார்.

“எல்லாம் பாத்துட்டீங்கள்ல அண்ணி? ஒண்ணும் விட்டுடலியே?”

“இல்ல தம்பி,” என்றாள். “ஒண்ணுகூட விடல.”