அரிசி டின்னில் ஒரு ரோட்டர்

அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள் ஆன்சி. ரோட்டரைக் காணோம்.

இன்ஜினில் மாட்டும் கட்டைவிரல் அளவு சாமான்தான். ஆனால் அது இல்லாமல் போர்ட்டிகோவில் நிற்கும் சிவப்பு ரேஸ் கார் கிளம்பாது. அறுபது வருஷப் பழசு. இந்தியாவிலேயே இரண்டோ மூன்றோதான் இருக்கிறதாம். கூரை கிடையாது, பெல்ட் கிடையாது. பறப்பதற்கென்றே செய்தவர்கள் நிற்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கணவன் மெர்வின் அதை வாங்கி ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்த அன்றே, யூடியூபைப் பார்த்து ரோட்டரைக் கழற்றி ஒளித்து வைத்தவள் அவள்தான்.

வெளியே அவன் நண்பன் பாலமுரளியின் குரல். “மாப்ள, இன்னைக்காவது ரிங் ரோட்டுல ஒரு மிதி மிதிச்சிருவமா?”

“ஏறு மாப்ள” என்றான் மெர்வின்.

ரோட்டரைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டான் போல. ஆன்சி வாசலுக்கு ஓடினாள். “வேணாங்க.”

அவன் சாவியைத் திருகினான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கார் கரகரவென்று இருமியது. மறுபடியும் இருமியது. கிளம்பவில்லை.

“என்னமோ பார்ட் போயிருச்சு மாப்ள. வெளிநாட்டுல இருந்துதான் வரணும்” என்றான் மெர்வின்.

பாலமுரளி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினான்.

அவன் தெருமுனை திரும்பியதும், மெர்வின் சட்டைப் பையிலிருந்து ரோட்டரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“அன்னைக்கு பிரேக்கை மிதிச்சேன் ஆன்சி. வண்டி நிக்கவே இல்ல. யார்ட்டயும் சொல்லல” என்றான். “ஆனா இது கண்ணுல பட்டா ஓட்டத் தோணுது. எனக்குத் தெரியாத எடமாப் பாத்து வையி.”