முழங்கையைத் தாண்டிய விரால்

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். மார்கழிக் குளிரில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

கீழக்குயில்குடிக் கண்மாய் கரை தட்டக் கிடந்தது. மலை நிழல் இன்னும் தண்ணீரை விட்டு விலகவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்குச் சாமி பாட்டுகூட எரிச்சலாக இருந்தது.

கரையில் ஜலீல் மப்ளரைக் காதுவரை சுற்றிக்கொண்டு, தன் டி.வி.எஸ். வண்டிமேல் சாய்ந்து நின்றான். சிநேகிதன். அவன் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த ரப்பர் மீன்தான் என் தங்கூசித் தூண்டில் நரம்பின் முனையில் கிடந்தது. இழுத்தால் நிஜ மீன் மாதிரியே வாலை ஆட்டும். வயிற்றுக்கடியில் முள்.

குளிர்ந்த தண்ணீரில் விரால் இரையைத் துரத்தாது. சேற்றோடு சேறாகக் கிடக்கும். உயிருள்ள தவளையை விட்டுப் பார்த்தேன், சீண்டவில்லை. ரப்பர் மீனை அதன் மூக்குக்கு முன்னால் மெல்ல, மிக மெல்ல, இழுத்துக் காட்ட வேண்டும். அவசரமே கூடாது.

அவசரப்படாமல் இருக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்?

வீட்டில் என் மனைவி பஞ்சவர்ணம் படுத்துக் கிடந்தாள். வாய் வழியாக எதுவும் இறங்கவில்லை. கண்ணைத் திறப்பதில்லை. ஒரே ஒரு தடவை திறந்தபோது அவள் கேட்டது விரால் மீன். அதுவும் நான் பிடித்த விரால்.

மார்க்கெட் மீனை அவள் என்றைக்கு மதித்தாள்? நான் பிடித்து வருவதையே மதிக்க மாட்டாள். அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து, மீனுக்குப் பக்கத்தில் கையை நீட்டி அளப்பாள். விரல் நுனியில் தொடங்கினால் முழங்கை வரைக்கும் வராது. “இம்புட்டுத்தானா?” என்பாள்.

கல்யாணமானதிலிருந்து அந்த முழங்கையைத் தாண்ட என்னால் முடியவில்லை.

“ஒரு சொட்டுக் கொழம்பு நாக்குல பட்டாப் போதும் மாமா,” என்று நான் கிளம்பும்போது அவள் தங்கை சோலை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மேலும் என்னவோ சொன்னாள். நான் காதில் வாங்காமல் வந்துவிட்டேன்.

நேற்று அரைத்த மசாலா வீணாகிவிட்டதென்று இன்று மறுபடி அரைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்று நான் வெறும் வாளியோடுதான் திரும்பினேன். அவள் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு எப்படியும் கொண்டுபோய்விட வேண்டும் என்றுதான் விடியுமுன்பே வந்து இறங்கினேன்.

வீசினேன். இழுத்தேன். ஒன்றுமில்லை.

வந்துவிடு தாயே என்று கும்பிட்டேன். பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுபடி கும்பிட்டேன்.

விரலில் சுற்றியிருந்த தங்கூசி கனத்தது. பாசியாக இருக்கும் என்று நினைத்தேன். பாசி எதிர்த்து இழுக்காது.

சுண்டி இழுத்தேன். அது கோரைக்குள் பாய்ந்தது. தங்கூசி உள்ளங்கையை அறுத்தது. ரத்தம் வந்தால் வரட்டும், தங்கூசி அறுந்தால்தான் எல்லாம் போச்சு. பின்வாங்கி, கால் வழுக்கி, ஒரு முழுக்குப் போட்டு எழுந்தேன். பிடியை மட்டும் விடவில்லை.

முழங்கால் தண்ணீருக்கு இழுத்து வந்து, இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கி, செவுளுக்குள் விரலைக் கொடுத்துத் தூக்கினேன்.

இப்படி ஒரு விராலை நான் பிடித்ததில்லை. இடது கையை நீட்டி அதன்மேல் போட்டுப் பார்த்தேன். வால் என் விரல் நுனியில் இருந்தது. தலை முழங்கையைத் தாண்டி மேலே போய்க் கிடந்தது.

ஏ பஞ்சு, தாண்டிருச்சுடி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அழுகை வந்தது.

ஜலீல் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தான்.

மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. விரால் லேசில் சாகாது. கரையில் போட்டாலும் காற்றைக் குடித்துக்கொண்டு கிடக்கும். வீட்டில் அவளும் அப்படித்தான் வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சொந்தபந்தமெல்லாம் வரிசையாக நின்று பால் ஊற்றிப் பார்த்தார்கள். தாலியை உரசின தண்ணீரை ஊற்றினார்கள். சோழவந்தானில் அவள் பிறந்த வீட்டு வெற்றிலைக் கொடிக்கால் மண்ணைக்கூடக் கரைத்து ஊற்றினார்கள். எதற்கும் மூச்சு அடங்கவில்லை. அவள் ஆசை விராலில்தான் நிற்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

காதில் வாங்காமல் வந்த சோலையின் மிச்சப் பேச்சு இப்போது காதுக்குள் கேட்டது.

“அக்கா நிம்மதியாப் போய்ச் சேந்துரும்.”

முள்ளைக் கழற்றினேன். இரண்டு கையோடும் விராலைத் தண்ணீருக்குள் இறக்கினேன். அது கொஞ்ச நேரம் போகாமல் என் கைக்குள்ளேயே நின்றது. பிறகு போய்விட்டது.

ஜலீல் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நழுவிருச்சாண்ணே?” என்றான். நேற்றும் இப்படித்தான் கேட்டான்.

“நழுவிருச்சு ஜலீலு. நாளைக்கும் வரணும்.”